டச்சப் வாங்கிய கார்

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பள ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி ஸ்டுடியோ முதலாளி முதல் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் டச்சப். ஸ்டுடியோவின் பின்னறையில், ஜன்னல் இல்லாத ஒரு மூலையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மனித முகங்களில் கடவுள் விட்டுவைத்த பிழைகளைத் திருத்துவது அவருடைய உத்தியோகம்.

பருவை எடுப்பார். கருவளையத்தை எடுப்பார். கண்ணை மூடிக்கொண்டு நின்றவருக்குக் கண்ணைத் திறந்து வைப்பார். குடும்பப் படம் எடுக்கும் நாளில் கோபித்துக்கொண்டு வராமல் போன மருமகனை வேறொரு படத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்து, மாமனாரின் தோளில் கைபோட வைப்பார். கோட்டு இல்லாதவர்களுக்குக் கோட்டு மாட்டுவார். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே ஒரு நீலக் கோட்டு. ஊரிலிருந்து வெளிநாடு போனவர்களில் பாதிப் பேர் அந்த ஒரே கோட்டில்தான் விசா வாங்கினார்கள். தூதரகத்தில் இருப்பவர்கள் அதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று இதுவரை தகவல் இல்லை.

இப்படி வருஷக்கணக்காக ஒரே வேலையைச் செய்கிறவருக்கு அந்த வேலை கண்ணுக்குள் இறங்கிவிடும். எதிரே வருகிறவரின் மூக்கில் மச்சம் இருந்தால் மற்றவர்கள் மச்சத்தைப் பார்ப்பார்கள். டச்சப் ‘ரெண்டு கிளிக்’ என்று பார்ப்பார். வீட்டுச் சுவரில் விரிசல் விட்டால் ‘அரை நிமிஷ வேலை’ என்று மனசுக்குள் அழித்துவிட்டுப் போவார். அடுத்த மழைக்கு அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும்போது மனிதருக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருக்கும்.

அவரால் அழிக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று. மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் அவர் மனைவிக்கு முதுகெலும்பில் அடி பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போயிருந்தது. வீடு முதல் மாடியில். சக்கர நாற்காலி கூடத்துக்கும் சமையலறைக்கும் ஜன்னலுக்கும் ஓடும். படிக்கட்டு வந்ததும் நின்றுவிடும். அதற்கு மேல் டச்சப்தான் சக்கர நாற்காலி.

விபத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவை வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். டச்சப் மூச்சு வாங்கியபடி அவளைத் தூக்கிப் பின்சீட்டில் வைக்கும்போது, டிரைவர் திரும்பிப் பார்த்து, “பாத்துத் தூக்குங்க சார், சீட்டு கிழிஞ்சிடப் போகுது” என்றார். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய கவலை அவருடைய சீட்டு. அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்:

“இனிமே டாக்டரை இங்க வரச் சொல்லுங்க. ஊரான் பாக்க ஏத்தி இறக்குறதுக்கு நான் என்ன பார்சலா?”

“அவன் ஏதோ பேசிட்டான். அதைப் போய்…”

“அவன் பேசினதுகூடப் பரவாயில்ல. கண்ணாடியில பாத்துட்டே இருந்தான்.”

“சரி, நம்ம காரா இருந்தா?”

“நம்ம காரு எங்க இருக்கு?”

“இருந்தா வருவியான்னு கேக்கறேன்.”

“இருந்தா வராம என்ன? அப்போ நீங்க மட்டும்தானே தூக்குவீங்க.”

அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து அவள் படியிறங்கவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு அக்கா. காலையில் காரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிற தூரத்து ஊரில் இருந்தாள். தாயில்லாத வீட்டில் இவளுக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, அடித்து, வளர்த்து ஆளாக்கியவள். புருஷன் போன பிறகு தனியாக இருந்தவளை, வெளிநாட்டிலிருந்து மகன் வந்து, வீட்டை விற்று, தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறான். போனால் போனதுதான். அந்த வயதில், அந்த முழங்கால்களை வைத்துக்கொண்டு யாரும் திரும்பி வருவதற்கு டிக்கெட் எடுப்பதில்லை.

“நான் ஒரு எட்டு வந்து உன்னைப் பாத்துட்டுப் போயிடுறேன்டி” என்றாள் அக்கா போனில்.

“வேண்டாம். நான் வர்றேன்.”

“நீ எப்படிடி வருவே?”

“வருவேன். நீ இங்க வந்தா நான் நாற்காலியில கெடக்குறதைத்தான் பாப்பே. ஆஸ்பத்திரியில பாத்துட்டு அழுதுட்டுப் போனியே, அதுவே போதும். நான் காருல வந்து உன் வாசல்ல நிக்கிறேன். அதைப் பாத்துட்டு பிளேன் ஏறு.”

போனை வைத்துவிட்டு டச்சப்பைப் பார்த்தாள். டச்சப் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே கார் எதுவும் இல்லை.

கஷ்டகாலம் அந்த வாரமே ஸ்டுடியோவுக்குள் நுழைந்தது. கூலிங் கிளாஸ் போட்டிருந்தது. கையில் இரண்டு செல்போன் வைத்திருந்தது. பழைய கார் புரோக்கர்.

“டச்சப் அண்ணே, ஒரு அவசர வேலை. இந்த வண்டியைக் கொஞ்சம் பளிச்சுனு பண்ணிக் குடுங்க. நெட்ல போடணும்.”

விடியற்காலையில் யாரோ செல்போனில் எடுத்த படம். வெள்ளி நிறக் கார், முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குப்பைத் தொட்டி. டயருக்கு அருகே யாரோ கழற்றிவிட்ட ஒற்றைச் செருப்பு. கதவின் அடி விளிம்பில் துரு. என்ஜினுக்கு நேர் கீழே தரையில் ஒரு ஈரத் திட்டு. யாரோ வண்டியைக் கழுவியிருக்கிறார்கள். பின்பக்கம் மூட்டமாக ஒரு வெண்மை, விடியற்காலைப் பனி.

டச்சப் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். முதலில் குப்பைத் தொட்டி போயிற்று. செருப்பு போயிற்று. துரு போயிற்று. ஈரத் திட்டு இருந்த இடத்தில் காய்ந்த தரை வந்தது. பின்னால் இருந்த பனியை நீக்குவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது; பனி, புகை, தலைமுடி இந்த மூன்றும் டச்சப் தொழிலில் பொறுமையைச் சோதிக்கிறவை. அதை அவர் இழை இழையாக எடுத்தார். கடைசியில், கைவசம் இருந்த ஒரு கடற்கரைச் சாலையைக் கொண்டுவந்து காருக்குப் பின்னால் விரித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து பார்த்தார்.

கார் என்றால் அது கார். முன் கண்ணாடி வழியாகக் காலி சீட்டு தெரிந்தது. தொழில் பழக்கத்தில், அதில் யாரை உட்கார வைக்கலாம் என்று யோசித்தார். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் படத்தை வாங்க வந்த புரோக்கரிடம், “இந்த வண்டி வித்தாச்சா?” என்று கேட்டார்.

புரோக்கர் கூலிங் கிளாஸைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றுவது அபூர்வம். “ஒரு பேங்க் மேனேஜர் கேட்டிருக்காருண்ணே. ஆனா உங்களுக்குன்னா நான் அவருகிட்ட ஏதாவது சொல்லிக்கிறேன்.” உலகத்தில் உள்ள எல்லாப் பழைய காரையும் ஏற்கெனவே ஒரு பேங்க் மேனேஜர் கேட்டிருக்கிறார். அந்த மேனேஜர் எந்த பேங்கில் இருக்கிறார், இத்தனை காரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார் என்பதை யாரும் விசாரித்ததில்லை.

“யோவ், ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய்ப் பாருய்யா” என்றார் ஸ்டுடியோ முதலாளி. “கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போற நம்ம ஸ்டுடியோ வேனை நீ ஓட்டுவே, சரி. வேனுக்குள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

“எல்லாம் பாத்துட்டேன் முதலாளி. ஒவ்வொரு அங்குலமும் பெருசாக்கிப் பாத்திருக்கேன்.”

“எங்க பாத்தே?”

டச்சப் கம்ப்யூட்டரைக் காட்டினார். முதலாளி நல்ல மனிதர். அதற்கு மேல் எதுவும் பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

காரை நேரில் பார்த்தபோது கதவின் அடியில் துரு இருக்கத்தான் செய்தது. டச்சப்புக்கு அது பெரிதாகப் படவில்லை; ஏற்கெனவே ஒரு தடவை அழித்ததுதானே. என்ஜின் முன்கூட்டியே ஓடிச் சூடாகி, பின்னால் எந்தப் புகையும் இல்லாமல், பெண் பார்க்கும் நாளில் பெண் இருக்கிற மாதிரி அடக்கமாக இருந்தது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, இருந்த சேமிப்பையெல்லாம் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டார். அடுத்தவன் செய்த விளம்பரத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். தானே உட்கார்ந்து தயாரித்த விளம்பரத்தைப் பார்த்து, தானே மயங்கி, தானே போய் வாங்கியவர் என்ற வகையில் டச்சப்புக்குத் தனியிடம் கொடுத்தே ஆகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவது என்று முடிவாயிற்று. அக்காவுக்குத் திங்கட்கிழமை சாயங்காலம் விமானம்.

அக்கம்பக்கம் எழுந்திருக்கும் முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்பது மனைவியின் நிபந்தனை. இருட்டோடு இருட்டாக அவளைத் தூக்கிக்கொண்டு, படியைக் காலால் தடவித் தடவி இறங்கினார். அவள் பீரோவிலிருந்து எடுத்த பச்சைப் புடவை கட்டியிருந்தாள். மடியில் ஒரு பை. அக்கா போகிற நாட்டில் பயங்கரக் குளிராம். அக்காவுக்கென்று தன் கையாலேயே பின்னி முடித்த ஸ்வெட்டர் அதில் இருந்தது.

“கனக்குறேனா?” என்றாள் காதருகில்.

“ஸ்வெட்டர்தான் கனக்குது.”

“பொய் சொல்லும்போது மூச்சு வாங்காம சொல்லணும்.”

முன்சீட்டில் உட்கார வைத்தார். கதவைச் சாத்திவிட்டு அவர் சுற்றிக்கொண்டு வருவதற்குள் அவள் கண்ணாடியை இறக்கி, கைப்பிடியைத் தடவி, முன்னால் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்திருந்தாள். சாவியைத் திருகியதும் என்ஜின் இருமிவிட்டுக் கிளம்பியது. பின்னால் வெள்ளையாக ஏதோ எழுந்தது. இருட்டில் டச்சப்புக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பனி என்றுதான் நினைத்திருப்பார்.

ஊரைத் தாண்டியதும் வெயில் வந்தது. அவள் காற்றில் பறந்த முடியை ஒதுக்கிக்கொள்ளவே இல்லை.

“என்ன டிரைவரே, எத்தனை வருஷ அனுபவம்?”

“கல்யாண வேன் ஓட்டினவங்கம்மா நாங்க.”

“அதான் பாத்தேன். போற வழியில யாரையாவது நிறுத்தி, தலையை நிமித்துங்க, சிரிங்கன்னு சொல்லிடாதீங்க.”

டச்சப் சிரித்தார். அவள் கடைகளின் பெயர்ப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். ‘முன்னாடி இங்க ஒரு தியேட்டர் இருந்துச்சே’ என்றாள். ‘இந்த மரத்தை எப்போ வெட்டினாங்க’ என்றாள். உலகம் தன்னைக் கேட்காமல் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கண்டித்துக்கொண்டு வந்தாள். விபத்துக்குப் பிறகு அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

பாதி தூரம் போனதும் சாலை மேடேறத் தொடங்கியது.

“ஏங்க, அந்த முள்ளு ஏன் மூலையில போய் நிக்குது?”

“எந்த முள்ளு?”

“அதோ, சிவப்புக் கோட்டுல.”

“அதுவா, என்ஜின் சூடாயிருக்குன்னு காட்டுது.”

“சூடானா நல்லதா?”

“மேடு ஏறுதில்ல? நமக்கே மாடி ஏறினா சூடாகுது.”

அவள் கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள். “சர்க்கரைப் பாகு கருகுற மாதிரி வாசம் வருது.”

டச்சப் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். அதைச் சொல்வதற்குள் முன்னால் பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி கிளம்பியது. முதலில் இழை இழையாக, பிறகு குபுகுபுவென்று. கார் இரண்டு முறை குலுங்கி, ஒரு சின்னப் பாலத்தின் ஓரமாகப் போய், உரிமையோடு நின்றுவிட்டது.

டச்சப் இறங்கினார். பானெட்டைத் திறந்தார். அதைத் தாங்கி நிற்க வேண்டிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. எனவே தலையால் தாங்கிக்கொண்டு உள்ளே பார்த்தார். ஆவிக்குள் பல பொருள்கள் இருந்தன. எதன் பெயரும் அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் அவற்றை மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பானெட்டை மெதுவாகச் சாத்தினார்.

“சின்ன விஷயம்தான். ஆறினா சரியாயிடும்” என்றார் ஜன்னல் பக்கம் வந்து.

“அக்கா சமைக்க ஆரம்பிச்சிருப்பா” என்றாள் அவள்.

ஆறியது. சரியாகவில்லை. சாவியைத் திருகினால் தொண்டை கட்டியவர் பாட முயற்சிப்பது போல ஒரு சத்தம் வந்தது. பாலத்துச் சுவரில் ‘ரெக்கவரி வண்டி, எந்நேரமும்’ என்று பெயின்டில் எழுதி நம்பர் போட்டிருந்தார்கள். வேறு வழி இல்லாமல் அதைக் கூப்பிட்டார்.

ரெக்கவரி வண்டியை ஓட்டி வந்தவரே மெக்கானிக்காகவும் இருந்தார். தடித்த, சாந்தமான மனிதர். இறங்கி வந்து, பானெட்டைத் தோளால் தாங்கிக்கொண்டு, ஒரு நீளக் கம்பியை உருவிப் பார்த்தார். அதன் நுனியில் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் பால் காபி நிறத்தில் நுரை இருந்தது.

“என்னைக்கு சார் வாங்குனீங்க?”

“இந்த வாரம்தான்.”

“என்ஜினுக்குள்ள தண்ணியையும் ஆயிலையும் பிரிச்சு வைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. ஹெட்டே வெடிச்சிருக்கும்போல. தண்ணியும் ஆயிலும் ஒண்ணாக் கலந்துட்டுது. ரொம்ப நாளாவே இருந்திருக்கும். ஸ்டார்ட் பண்ணும்போது பின்னாடி வெள்ளைப் புகை வந்திருக்குமே, பாக்கலையா?”

“இல்லையே” என்றார் டச்சப். பிறகு அவர் முகம் மாறியது. “வந்துச்சு.”

“எப்போ?”

“போட்டோவுல.”

“போட்டோவுல வந்ததைப் பாத்துமா வாங்குனீங்க?”

“இல்ல, நான் அதை அழிச்சிட்டேன்.”

மெக்கானிக் பானெட்டை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். “எதை சார் அழிச்சீங்க?”

“புகையை. பனின்னு நெனச்சேன். அந்த விளம்பரப் படம் நான் பண்ணிக் குடுத்ததுதான்.”

“கீழ தண்ணி சொட்டியிருக்குமே?”

“இருந்துச்சு. கழுவின தண்ணின்னு நெனச்சு அதையும்…”

மெக்கானிக் அவரை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமோ கேலியோ இல்லை. தன் தொழிலில் இதுவரை வராத ஒரு கேஸ் வந்திருக்கிறது என்கிற மரியாதைதான் இருந்தது. “எக்ஸ்ரேயில முறிஞ்ச எலும்பை ஒட்டவச்சு அனுப்பிட்டு, நோயாளியை நடந்து போகச் சொன்ன மாதிரி இருக்கு சார்” என்றார்.

டச்சப்புக்கு அப்போதுதான் நினைவு வந்தது, முன்பக்க ஜன்னல் திறந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தார். மனைவி நேர் எதிரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்ட முகம். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காரை ரெக்கவரி வண்டியின் முதுகில் ஏற்ற வேண்டும். ஏற்றிய காருக்குள் ஆள் உட்காரக் கூடாது.

“நான் இப்படியே உள்ளயே இருந்துக்கறேனே” என்றாள் அவள்.

“கூடாதும்மா. போலீஸ் புடிச்சா என் லைசென்ஸ் போயிடும். முன்னாடி கேபின்ல வசதியா உக்காந்து வாங்க.”

கேபின் டச்சப்பின் தோள் உயரத்தில் இருந்தது. டச்சப் அவளைத் தூக்கினார். இடுப்புவரை தூக்கினார். மாடிப்படிக்குப் பழகிய முதுகு, அதற்கு மேல் மறுத்துவிட்டது. ஒருமுறை இறக்கி, கார் சீட்டின் விளிம்பில் உட்கார வைத்து, மறுபடி தூக்கினார். அவள் கை அவர் கழுத்தில் இறுகியது. முடியவில்லை. சாலையில் போன பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள் எட்டிப் பார்த்தன.

“இப்படி விடுங்க சார்” என்றார் மெக்கானிக். கையைத் தன் சட்டையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். “தப்பா நெனைக்காதீங்கம்மா. எங்கம்மாவும் இப்படித்தான் இருந்தாங்க. கடைசி வரைக்கும் நான்தான் தூக்கினேன்.”

அவர் நல்லவராக இருந்ததுதான் கொடுமை. திட்டுவதற்குக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கை தன்மேல் பட்டதும், மூடிய கண்ணோடு, “பாத்துத் தூக்குங்க. சீட்டு கிழிஞ்சிடப் போகுது” என்றாள்.

மெக்கானிக் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். டச்சப் சிரிக்கவில்லை. பச்சைப் புடவையின் இடுப்பில், அகலமாக ஒரு கிரீஸ் கை பதிந்திருந்தது. அதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அழிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று முதல்முறையாக அவருக்குத் தோன்றவில்லை.

மூன்று பேரும் கேபினில் நெருக்கி உட்கார்ந்து, வந்த வழியே திரும்பினார்கள். கண்ணாடியில், முதுகின் மேல் வெள்ளி நிறக் கார் ராஜா மாதிரி அமர்ந்து வந்தது. டச்சப்பின் செலவில் அது உட்கார்ந்துகொண்டு போன முதல் சவாரி.

போன் அடித்தது. அக்கா. மனைவி எடுத்தாள்.

“எங்கடி வந்துட்டிருக்கீங்க?”

“பாதி தூரம் வந்தாச்சுக்கா” என்றாள் அவள். வண்டி வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. “மெதுவாத்தான் வருவோம். நீ சாப்பிடு.”

“நீ வராம என்னடி சாப்பாடு? அவர் எப்படி ஓட்டுறார்?”

“நல்லாத்தான் ஓட்டுறார்.”

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். மெக்கானிக் ரேடியோவைப் போடப் போன கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“எதுக்கு அப்படிச் சொன்னே?” என்றார் டச்சப் மெல்ல.

“வேற என்ன சொல்லணும்? நீங்க சொல்லுங்க, நான் அப்படியே சொல்றேன்.”

டச்சப் கண்ணாடியில் தெரிந்த காரைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த நேரம் நல்ல பகல். அக்கம்பக்கத்தார் எல்லோரும் விழித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையாதலால் வேலைவெட்டி இல்லாமலும் இருந்தார்கள். கேபினிலிருந்து அவளை இறக்கும்போது நாலு பேர் உதவிக்கு வந்தார்கள். உதவி என்று வந்துவிட்டால் எங்கே பிடிக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரு கருத்து. படியேறும்போது அவள் ‘கனக்குறேனா’ என்று கேட்கவில்லை.

சாயங்காலம் டச்சப் மொட்டை மாடிக்குப் போய், புரோக்கருக்குப் போன் செய்தார்.

“அண்ணே, நான் ஏதாவது மறைச்சேனா?” என்றார் புரோக்கர் வருத்தத்தோடு. “வண்டி எப்படி இருந்துச்சோ அப்படியே படம் எடுத்து உங்க கையிலதானே குடுத்தேன்? இந்த ஊர்ல அந்தப் படத்தை முழுசாப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்.”

நாட்டில் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் வாதியும் பிரதிவாதியும் சாட்சியும் டச்சப் ஒருவரே. போனை வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். புகையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

“நான் கிளம்பி வரட்டுமா தம்பி?” என்றாள் அக்கா. பின்னால் மகனின் குரல் கேட்டது: காலையில் வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும், அம்மா கையெழுத்துப் போட வேண்டும், எங்கேயும் அசைய முடியாது. “அப்போ நாளைக்குக் காலையில எப்படியாவது கூட்டிட்டு வாங்க தம்பி. ஒரு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். வாசல்லயே உக்காந்திருக்கேன்.”

காலையில் டச்சப் வாடகைக் கார் பிடித்து வந்து வாசலில் நிறுத்தினார். இந்த டிரைவர் வாயே திறக்காதவர். அதையும் விசாரித்துத்தான் பிடித்திருந்தார். மேலே வந்தால் மனைவி வீட்டு உடுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பச்சைப் புடவை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது.

“கிளம்பலையா?”

“நீங்க போயிட்டு வாங்க.”

“ஏம்மா, அக்கா வாசல்ல காத்திட்டிருப்பாங்க. பின்னாடி சீட்டுல திரை போட்டிருக்கு. டிரைவர் தெருமுனைக்குப் போய் நிக்கட்டும், நான் சொல்லிக்கிறேன். நான் மட்டும் தூக்குறேன்.”

“நேத்தும் நீங்க மட்டும்தான் தூக்குறதா இருந்தது.”

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே டிரைவர் ஹாரன் அடித்தார், அதுவும் மரியாதையாக, ஒரே ஒரு முறை.

“உன் மேல கோபமா இருந்தா என்னைத் திட்டு” என்றார். என்ன சொல்கிறோம் என்று அவருக்கே புரியவில்லை. “என் மேல கோபம்னா… எதுன்னாலும் போயிட்டு வந்து திட்டு. இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்னு உனக்கே தெரியும்.”

“கோபமெல்லாம் இல்ல.” அவள் பையை எடுத்து நீட்டினாள். “நேத்து காலையில நான் எவ்வளவு பேசினேன் பாத்தீங்களா, காருல? அப்படித்தான் போகணும்னு நெனச்சேன். இனிமே என்னால அப்படிப் போக முடியாது. இதை மட்டும் குடுத்துடுங்க. கழுத்து கொஞ்சம் இறுக்கமா இருந்தா, ரெண்டு நாள் போட்டா சரியாயிடும்னு சொல்லுங்க.”

டச்சப் மேலும் கொஞ்ச நேரம் கெஞ்சினார். கெஞ்சுகிற அவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கடைசியில் பையை வாங்கிக்கொண்டு தனியாகப் படியிறங்கினார். கையில் எடை எதுவும் இல்லாததால் படிகள் சீக்கிரமே முடிந்துவிட்டன.

வாடகைக் கார் நன்றாகத்தான் ஓடியது. மேட்டில் ஏறும்போதுகூட முள் நகரவில்லை. அந்தப் பாலத்தைத் தாண்டும்போது டச்சப் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை போனை எடுத்து, இரண்டு முறையும் திரும்பச் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார்.

அக்கா சொன்னபடியே வாசலில்தான் இருந்தாள். வீட்டுச் சாமான்கள் எல்லாம் போய்விட்டதால் ஒரு சூட்கேஸின் மேல் உட்கார்ந்திருந்தாள். கார் திரும்பி நின்றதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சிரித்துக்கொண்டே, விந்தி விந்தி வந்தாள். டச்சப் முன்பக்கக் கதவைத் திறந்து இறங்கினார். அவரை அவள் பார்க்கவில்லை. நேராகப் பின்கதவைத் திறந்து குனிந்தாள்.

சீட்டில் ஒரு பை மட்டும் இருந்தது.

“தூங்குறாளா?” என்றாள், இன்னும் குனிந்தபடியே. திரை போட்டிருந்ததால் உள்ளே கொஞ்சம் இருட்டாகத்தான் இருந்தது.

“அக்கா…” என்றார் டச்சப்.

அவள் நிமிர்ந்தாள். காரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கமாகச் சுற்றிப் போய், அந்தப் பக்கக் கதவையும் திறந்து பார்த்தாள். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததேதான் அந்தப் பக்கத்திலிருந்தும் தெரிந்தது. கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றாள்.

வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் வந்த டிரைவர், இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உதவியாக எதையாவது செய்ய வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, வாயைத் திறந்தார்.

“என்ன சார் தேடுறாங்க? டிக்கியைத் திறக்கணுமா?”